மில் விளக்கும் ஐபி எண்ணும்

தொழிற்கூட விளக்குகளின் உறையில் ‘ஐபி 65’ என்று அச்சிட்டிருப்பதை அறுபத்தைந்து என்று படிக்கக் கூடாது. ஆறு தனி, ஐந்து தனி. முதல் இலக்கம் தூசி உள்ளிட்ட திடப்பொருள்களுக்கு, அடுத்தது தண்ணீருக்கு. ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரத்தின் கணக்கு இது. இந்திய தர நிர்ணய அமைவனமும் இதையே ஏற்றிருக்கிறது.

முதல் இலக்கம் 0 முதல் 6 வரை. 2 என்றால் விரல் நுழையாது. 4 என்றால் 1 மி.மீ. கம்பி நுழையாது. தூசியைப் பற்றிப் பேசுபவை 5, 6 மட்டுமே. 6-க்கான சோதனையில், விளக்கைப் பெட்டிக்குள் வைத்து டால்கம் பவுடரைச் சுழலவிடுவார்கள்; விளக்கின் உள்ளே இருக்கும் காற்றையும் உறிஞ்சிக்கொண்டே இருப்பார்கள். அப்போதும் பவுடர் துளிகூடப் புகக்கூடாது. கொஞ்சம் புகுந்தாலும் விளக்கின் வேலை கெடாது என்றால் அது 5.

கோவை நூற்பாலைகளுக்கு இந்த முதல் இலக்கம்தான் முக்கியம். புளோரூமிலும் கார்டிங்கிலும் பறக்கிற பஞ்சு, திறந்த பட்டி லைட்டின் சோக் மேலும் ஹோல்டர் மேலும் மெத்தைபோல் சேரும். சூடு வெளியேறாது, ஒரு பொறி போதும். மூடிய பிட்டிங் உள்ளே போகும் பஞ்சைத் தடுக்கும், மேலே படிவதைத் தடுக்காது. அதற்குத் துடைப்பம்தான் வழி. ஐபி எண் வெடிப்புத் தடுப்புச் சான்றும் அல்ல. பவுண்டரி மணல், பொள்ளாச்சி நார் மில்களின் தூள் இவற்றுக்கு 6 கேட்டு வாங்குவதே சரி.

தண்ணீர் இலக்கத்தில் 4 என்பது எந்தப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். 5 என்பது 6.3 மி.மீ. குழல்முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் பீச்சுவதை. 6 என்றால் நிமிடத்துக்கு 100 லிட்டர். 7 என்பது 1 மீட்டர் ஆழத்தில் அரைமணி நேரம் மூழ்கியிருப்பது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்: மூழ்கத் தாங்கும் விளக்கு, பீச்சும் நீரையும் தாங்கும் என்று பொருளில்லை. கோழிப்பண்ணையைக் குழாய் வைத்துக் கழுவுகிறவர் 5 அல்லது 6 பார்க்க வேண்டும். இரண்டையும் தாங்குவதில் ‘ஐபி 66/67’ என்று இரண்டும் அச்சிட்டிருக்கும்.

இந்தச் சோதனைகள் எல்லாம் வெறும் தண்ணீரில் நடப்பவை. திருப்பூர் சாயப்பட்டறையின் நீராவியும் காஸ்டிக் சோடாவும் கணக்கில் இல்லை. ரப்பர் கேஸ்கெட் அங்கே சீக்கிரமே இறுகி வெடித்துவிடும்; பிறகு அச்சிட்ட எண்ணுக்கு மதிப்பில்லை.

திறந்தவெளியில் வேறொரு சிக்கல். எரிந்து சூடேறிய விளக்கின் மேல் ஐப்பசி மழை கொட்டினால் உள்ளே காற்று சட்டென்று சுருங்கும். கேபிள் நுழையும் இடம் தளர்ந்திருந்தால் அந்த வழியாகவே ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். கண்ணாடியின் உட்புறம் பனித்திருப்பது பெரும்பாலும் இதனால்தான். ஆகவே ஐபி 65 பிட்டிங் வாங்குகிறவர்கள், கேபிள் பருமனுக்குப் பொருந்தும் கிளாண்டையும் சேர்த்தே வாங்கி, எலெக்ட்ரீஷியன் அதை முழுதாக முறுக்கினாரா என்று பார்த்துவிட வேண்டும்.