கண்ணைத் தேடுறாங்க!

மார்கழிப் பனியில பாபநாசம் பக்கம் போனா, பெரிசுங்க வரப்புல குனிஞ்சு தாளடி இலையைப் புரட்டிக்கிட்டிருப்பாங்க. தேடுறது கண்ணை! இலையில கண் வடிவப் புள்ளி தெரிஞ்சா, குலைநோய்ப் பூஞ்சை வந்தாச்சுன்னு அர்த்தம். கதிரின் கழுத்தைப் பிடிச்சுட்டா மணியில பால் ஏறாது, மிஞ்சுறது பதர்தான். நகையை அடகு வெச்சு நட்டவர் கதி?

1919-ல் தஞ்சை டெல்டாவையே இது உலுக்கியெடுத்தது. பிற்பாடு கோவை விஞ்ஞானிகள், நோய் தாங்கும் கோ 4-ஐ ஆடுதுறை 10-உடன் சேர்த்து கோ 25, கோ 26 ரகங்களை உருவாக்கினாங்க. 2005-ல் பூஞ்சையின் மரபணு வரைபடமே வெளியாச்சு. ஆனாலும் ஆளு கில்லாடி! வேஷம் மாத்தி எதிர்ப்பு ரகத்தையும் ஏமாத்திடும்.

வீட்டுல வயல் இருக்கா? யூரியாவை அள்ளிக் கொட்ட விடாதீங்க. கிலோ விதைக்கு 10 கிராம் சூடோமோனாஸ் கலக்கச் சொல்லுங்க. அக்ரி ஸ்டூடண்ட்ஸ்... 1922-ல் தொடங்கின ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்துலதான் இருக்கு. அடுத்த ரகம் உங்க கைவண்ணமா இருக்கட்டுமே!