பழைய பெயர், புதிய உயிர்

கோடையில் வெடித்துக் கிடக்கும் நம் கரிசல் மண், ஒரு மழை பெய்தால் பசையாகிவிடும். அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து வண்டிப் பாதைகளில் அப்போது சாதாரணக் கார் ஓடாது. நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப் போன்ற வண்டி வேண்டும்.

அமெரிக்க உழவர்களுக்கு அப்படி உழைத்தது ‘ஸ்கவுட்’. அதைச் செய்தது டிராக்டருக்குப் பெயர்பெற்ற இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி. மஹிந்திரா 1963-இல் டிராக்டர் தொழிலில் இறங்கியதும் இவர்களுடன் கூட்டுச் சேர்ந்துதான். 1980-இல் ஸ்கவுட் நின்றுபோயிற்று.

ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் குழுமம் 2022-இல் அப்பெயரை மின்சார வண்டிகளுக்காக உயிர்ப்பித்தது. 2024-இல் மாதிரி வண்டிகளைக் காட்டியது.

மின்மோட்டார், புறப்படும்போதே முழு முறுக்குவிசையையும் தரும். சேற்றிலிருந்து மெல்ல ஏறிவர இது பெரிதும் உதவும். ஆனால், பாட்டரியின் பாரம் அதிகம். ஈரக் கரிசலில் பாரமான வண்டி புதையும். நடுக்காட்டில் சார்ஜ் தீர்ந்தால் கேனில் வாங்கி வரவும் முடியாது. ஆகவே, சிறு பெட்ரோல் எஞ்சின் ஓடி பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் வகையையும் திட்டமிட்டார்கள். அந்த ஏற்பாட்டின் பெயர் என்ன தெரியுமா? ‘ஹார்வெஸ்டர்’!

நமக்கு வெயிலுக்குப் பஞ்சமில்லை. பக்கத்துக் கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையமே எழுந்தது. அத்தகைய மின்சாரம் கிராமந்தோறும் வண்டிகளுக்கும் கிடைத்தால் இம்மாதிரி வாகனங்கள் இங்கும் ஓடும் என எண்ணுகிறோம்.

பெயரை விலைக்கு வாங்கலாம். நற்பெயரை உழைத்தே பெற வேண்டும். முன்னோர் பெயரைத் தாங்கி நிற்கும் நமக்கும் இது பொருந்துமல்லவா?