தண்ணி காட்டிய தரை!

வேளச்சேரியில் ஏரிப் பக்கம், கீழ்த்தளத்தில் ஃப்ளாட். ஹாலில் ஓக் பலகைத் தரை போடலாம் என்று ஆரம்பித்தது நான்தான். பழியை வீட்டுக்காரி மேல் போடலாம்... எடுபடாது!

சித்திரையில் பழைய மொசைக்கைப் பெயர்த்தோம். கீழே கான்கிரீட், கருவாடு மாதிரி காய்ந்து கிடந்தது. ‘‘ஜம்முனு இருக்கு சார்’’ என்றார் பலகை விற்றவர். பி.எஃப். லோன் மொத்தமும் பசை போட்டு ஒட்டப்பட்டது.

ஐப்பசி மழை வந்தது. ஒவ்வொரு பலகையும் ஓரம் தூக்கி, நடுவில் குழி விழுந்து, மல்லாத்திய ஓடு மாதிரி!

விற்றவருக்குப் போன் போட்டேன். ‘‘மெஷினால இழைச்சு மட்டம் பண்ணிடலாம் சார்.’’

நல்லவேளை, எதிர் ஃப்ளாட்டில் கதவு மாட்ட வந்த வயசான ஆசாரி எட்டிப் பார்த்தார். குனிந்து தடவினார். ‘‘இப்ப கை வெக்காதீங்க தம்பி. ஓரத்தைச் சீவிட்டா, ஈரம் வத்தினப்புறம் ஓரம் தணிஞ்சு நடு முதுகு தூக்கிக்கும். அப்புறம் பலகை அடுப்புக்குத்தான்.’’

அப்புறம்தான் விசாரித்தேன். விளக்குத் திரி எண்ணெயை இழுக்கிற மாதிரி, மண்மேல் உட்கார்ந்த கான்கிரீட் நிலத்து ஈரத்தை இழுக்குமாம். மேல்பக்கம் காற்றில் உலர்ந்துவிடுவதால் தொட்டால் தெரியாது. பலகையால் மூடியதும் ஈரம் போக வழியில்லாமல் மரத்தின் அடிவயிற்றில் ஏறுகிறது. அடி உப்புகிறது, மேல் உப்பவில்லை, ஓரம் எழும்புகிறது. கூடவே வரும் சிமென்ட் காரம் பசையையும் தின்றுவிடும். புதுக் கான்கிரீட் என்றாலும் இதே கதைதான். ஒரு அங்குலக் கனம் காய ஒரு மாசம் என்பது உத்தேசக் கணக்கு. நம்மூர்க் கடல் காற்றில் அதுவும் பத்தாது.

பேலன்ஸ் ஷீட்டில் காட்டாத கடன்தான் கம்பெனியைக் கவிழ்க்கும் என்று பி.காமில் படித்தவன் நான். காலுக்கடியில் இருந்ததைப் பார்க்கவில்லை!

பார்க்க என்ன செலவு? ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் ஷீட், ஒரு டேப். நாலு ஓரமும் காற்றுப் புகாமல் தரையில் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடவேண்டும். ராத்திரி ஒட்டினால் மறுநாள் ஆபீஸ் விட்டு வந்து பிரிக்கலாம். அடியில் வேர்த்திருந்தாலோ, கான்கிரீட் கறுத்திருந்தாலோ ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். வேர்க்காவிட்டாலும் துள்ளாதீர்கள், கோடையில் இது ஏமாற்றும். கனத்தில் 40 சதவீத ஆழத்துக்குத் துளை போட்டு, ஈரமானியை உள்ளே விட்டு அளப்பதுதான் நம்பகமானது. ஈரம் இருந்தால் முதலில் எபாக்ஸித் தடுப்புப் பூச்சு, பிறகுதான் பலகை. சுவரோரம் அரை அங்குல இடைவெளியும் வேண்டும், மரம் உப்ப.

என் ஹாலில் இப்போது டைல்ஸ். பசை விட்ட பலகைகளைத் தை மாசம் வரை காயவைத்து, அதே ஆசாரி புத்தக அலமாரி செய்து கொடுத்தார். வருகிறவர்கள் எல்லாம் ‘‘சூப்பரா இருக்கே, என்ன விலை?’’ என்கிறார்கள்.

வீட்டுக்காரி என்னைப் பார்க்கிறாள். நான் காபி எடுத்துவர உள்ளே போய்விடுகிறேன்.