டெக்கிலிருந்து ஸ்டிக் வரை: வீட்டில் படம் பார்க்க எளிய கருவி எது?

வீட்டில் படம் ஓட்டும் கருவி எதுவாக இருந்தாலும் அது செய்வது மூன்றே வேலை. படம் பதிந்திருக்கும் இடத்திலிருந்து அதை எடுக்க வேண்டும். சுருக்கி வைத்திருப்பதை விரிக்க வேண்டும். விரித்ததைத் திரையில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். கடந்த ஐம்பது ஆண்டுகளில் மூன்றுமே மாறியிருக்கின்றன, ஆனால் ஒரே வேகத்தில் அல்ல. நாடா, வட்டு, இணையம் என்று படம் இருக்கும் இடம் பத்துப் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை மாறியது. சுருக்கும் முறையும் அதற்கான மென்பொருளும் அதைவிடச் சீக்கிரம் மாறுகின்றன. திரைக்குப் போகும் கம்பியோ நிதானமாகத்தான் மாறுகிறது: 2002 டிசம்பரில் வரையறுக்கப்பட்ட எச்டிஎம்ஐ இணைப்பின் செருகி இன்றும் அதே வடிவத்தில் இருக்கிறது. இந்த வேக வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் கடைக்காரர் அடுக்கும் வசதிகளில் பாதி தேவையில்லை என்பது தெரிந்துவிடும்.

நாடாவின் காலம் நீண்டது. சோனியின் பீட்டாமேக்ஸ் 1975-லும் ஜேவிசியின் விஎச்எஸ் 1976-லும் ஜப்பானில் வந்தன. 1982 தில்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு வந்த பிறகு, நாடா ஓட்டும் விசிஆர் கருவி ‘டெக்’ என்ற பெயரில் தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் பரவியது. சொந்தமாக வாங்க முடியாதவர்கள் டெக்கையும் டிவியையும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்தார்கள். கடைசிவரை விசிஆர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. விஎச்எஸ்ஸுக்கு 40 ஆண்டு ஆயுள். இன்று கடையில் இருக்கும் எந்தக் கருவியிடமும் இதை எதிர்பார்க்க முடியாது.

அடுத்து வந்தது வட்டு. 1993-இல் வரையறுக்கப்பட்ட விசிடியில் 74 நிமிடப் படம்தான் அடங்கும். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படத்துக்கு இரண்டு வட்டு, சில சமயம் மூன்று. இடைவேளைக்குச் சற்று முன்னோ பின்னோ யாராவது எழுந்துபோய் மாற்ற வேண்டும். 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டிவிடி, ஓர் அடுக்கில் 4.7 ஜிபி கொள்ளளவோடு அந்தத் தொல்லையைத் தீர்த்தது. 2007 வாக்கில் மோசர் பேயர் நிறுவனம் தமிழ்ப் பட விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியதும், திருட்டு விசிடியின் விலைக்கே அசல் வட்டு கிடைத்தது. தமிழ் வீடுகளின் அலமாரிகளில் இன்னும் இருக்கும் வட்டுகளில் பெரும்பகுதி அந்தச் சில ஆண்டுகளில் வாங்கியவைதாம். அந்த நிறுவனத்தைக் கலைக்க 2018-இல் உத்தரவாகிவிட்டது.

இந்த வட்டுகளைப் புதிய டிவியில் போட்டுப் பார்க்கிறவர்கள் ஏமாந்துபோவதற்குக் காரணம் வெறும் கணக்கு. விசிடியின் படத்தில் 352-க்கு 288 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ ஒரு லட்சம். டிவிடியில் 720-க்கு 576, நான்கு லட்சத்துக்குச் சற்று மேல். முழு எச்டியில் 20 லட்சத்துக்கு மேல். 4கே திரையில் சுமார் 83 லட்சம். 55 அங்குல 4கே டிவியில் விசிடியை ஓட்டினால், வட்டில் உள்ள ஒவ்வொரு புள்ளியும் திரையின் எண்பது புள்ளிகளை நிரப்ப வேண்டியிருக்கிறது. முகம் கலங்கித் தெரியாமல் என்ன செய்யும்? ‘4கே அப்ஸ்கேலிங்’ என்று அட்டையில் அச்சிட்ட பிளேயருக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பெரும்பாலும் பொருளில்லை. இடைப்புள்ளிகளை ஊகித்து நிரப்பும் அதே வேலையை டிவியே செய்துவிடும்.

இன்னொரு குறை கண்ணுக்கு உடனே தெரிவது; சரிசெய்வதும் சுலபம். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான ‘ராஜராஜ சோழன்’ 1973-இல் வந்தது. அதற்கு முந்திய படங்கள் பெரும்பாலும் அகலம் குறைந்த திரைக்காக எடுக்கப்பட்டவை. அவற்றை அகலத்திரை டிவி தானாக இழுத்து நிரப்பும்போது கதாநாயகன் முதல் குதிரை வரை எல்லோரும் பருத்துவிடுகிறார்கள். ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் பொத்தானில் 4:3 என்பதைத் தேர்ந்தால் போதும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழும், முகம் முகமாகத் தெரியும்.

வட்டின் கடைசிப் பெரிய மாற்றம் 2006-இல் வந்த ப்ளூரே. எதிராக வந்த தோஷிபாவின் எச்டி டிவிடி 2008 பிப்ரவரியில் ஒதுங்கிக்கொண்டது. வென்ற ப்ளூரேயும் தமிழ் வீடுகளுக்குள் பெரிதாக நுழையவில்லை. தமிழ்ப் படங்கள் அதில் சொற்பமாகவே வந்தன. பிளேயர் செய்கிறவர்களும் குறைந்துவருகிறார்கள். ஆப்போ 2018-இல் நிறுத்தியது, சாம்சங் 2019-இல் புதிய மாடல்களைக் கைவிட்டது, எல்ஜி 2024-இல் விலகியது. படத்தின் துல்லியத்தில் இன்றைக்கும் ப்ளூரேயை மிஞ்ச ஓடிடியால் முடியவில்லை என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே வட்டுகள் சேர்த்து வைத்திருப்பவரைத் தவிர மற்றவர்கள் புதிதாக இதில் இறங்கக் காரணம் எதுவும் இல்லை.

வட்டுகள் வைத்திருப்பவர்கள் எச்டிஎம்ஐ வழி உள்ள சாதாரண டிவிடி பிளேயர் ஒன்றை வாங்கி வைப்பது நல்லது. மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்ற மூன்று செருகிகள் மட்டும் கொண்ட பழைய பிளேயருக்கு, புதிய டிவிகள் பலவற்றின் பின்னால் இடமே இல்லை. சிலவற்றில் ஹெட்போன் துளை போன்ற ஒற்றைத் துளையும் தனி இணைப்புக் கம்பியும் இருக்கும். வெளிநாட்டிலிருந்து வட்டு வருகிற வீடுகள் மண்டல எண்ணையும் பார்க்க வேண்டும். டிவிடியில் இந்தியாவும் இலங்கையும் 5-ஆம் மண்டலம், சிங்கப்பூரும் மலேசியாவும் 3, பிரிட்டன் 2, கனடா 1. தமிழ்ப் பட வட்டுகளில் பல எல்லா மண்டலத்துக்கும் ஓடுவதால் இது பெரிய தடையாக இருந்ததில்லை. கனடாவிலிருந்து அண்ணன் அனுப்பிய ஆங்கிலப் படம்தான் ஓடாமல் நிற்கும்.

வட்டை விட்டால், கோப்பாக இருக்கும் படம். பென் டிரைவையோ ஹார்டு டிஸ்கையோ டிவியின் யுஎஸ்பி துளையில் செருகிப் பார்ப்பது இருப்பதிலேயே எளிய வழி. சிக்கல் வந்தால் அது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும்: படம் ஓடும், சத்தம் வராது, திரையின் மூலையில் ‘ஆடியோ ஆதரிக்கப்படவில்லை’ என்று ஒரு வரி தோன்றி மறையும். எம்பி4, எம்கேவி என்பவை வெறும் உறைகள். உள்ளே படம் ஒரு முறையிலும் ஒலி வேறொரு முறையிலும் சுருக்கப்பட்டிருக்கும். உறையைத் திறக்கத் தெரிந்த டிவிக்கு உள்ளே இருப்பதைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. டிடிஎஸ் என்ற ஒலி முறையை சாம்சங் 2018 முதலும், எல்ஜி 2020-லிருந்து சில ஆண்டுகளுக்கும் தங்கள் டிவிகளில் விட்டுவிட்டன. டிவி வாங்கிய ஆண்டைப் பொறுத்து ஒரே படம் ஒரு வீட்டில் பேசும், பக்கத்து வீட்டில் ஊமைப்படம்.

படத்தைச் சுருக்கும் முறைகளில் 2003-இல் வந்த எச்.264 ஏறத்தாழ எல்லாக் கருவியிலும் ஓடும். 2013-இன் எச்.265 ஏறத்தாழப் பாதி இடத்தில் அதே தரத்தைத் தரும், ஆனால் பழைய கருவிகளுக்குப் புரியாது. 2018-இல் வந்த ஏவி1 இன்னும் புதியது. நெடுநாள் வைத்துப் பார்க்க வேண்டிய குடும்பப் படங்களை எம்பி4 உறையில், எச்.264 படம், ஏஏசி ஒலி என்ற கூட்டில் வைத்திருப்பதே புத்திசாலித்தனம். புதியதை விடப் பரவலானது பாதுகாப்பு. பென் டிரைவைத் தயார் செய்யும் முறையிலும் ஒரு கண் வேண்டும்: ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்குப் பெரிய கோப்பு ஏறாது, எக்ஸ்ஃபேட் முறையில் ஏறும்.

தமிழ் வசனவரிகள் தனிக் கதை. கோப்பு யூனிகோடில் சரியாக இருந்தாலும், தமிழ் எழுத்துரு இல்லாத கருவி கட்டம் கட்டமாகக் காட்டும். எழுத்துரு இருந்தும் எழுத்தைக் கோக்கத் தெரியாத கருவியில் ‘கெ’யின் கொம்பு பின்னால் போய் விழும். 2001 முதல் இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி மென்பொருளில் இந்தத் தொல்லை குறைவு. ஆண்ட்ராய்டு பெட்டிகளிலும் அதை நிறுவலாம் என்பது அந்தப் பெட்டிகளுக்குச் சாதகமான ஒரு காரணம்.

இணையம் வழியே பார்ப்பதற்கு இன்று மூன்று வழி: டிவிக்குள்ளேயே இருக்கும் செயலிகள், எச்டிஎம்ஐ துளையில் செருகும் ஸ்டிக், தனிப் பெட்டி. ஸ்மார்ட் டிவி இருக்கும்போது ஸ்டிக் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. முதல் பத்தியில் சொன்ன வேக வித்தியாசம்தான் பதில். நல்ல திரை பத்து ஆண்டு உழைக்கும்; அதற்குள் இருக்கும் மென்பொருள் நான்கைந்து ஆண்டில் திணறத் தொடங்கும். 2019 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸ், 2010, 2011-ஆம் ஆண்டுகளின் சில சாம்சங் டிவிகளிலும் முதல் தலைமுறை ரோகு பெட்டிகளிலும் தன் செயலியை நிறுத்தியது. திரைக்கு ஒரு குறையும் இல்லை. உள்ளே இருந்த பாதுகாப்பு முறை பழையதாகிவிட்டது, அவ்வளவுதான். சீக்கிரம் பழையதாகும் பாகத்தை விலை குறைந்த தனிக் கருவியாக வைத்துக்கொண்டால், பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். புது டிவி வாங்குகிறவர் திரையின் தரத்துக்கும் எச்டிஎம்ஐ துளைகளின் எண்ணிக்கைக்கும் பணம் கொடுக்கலாம். ‘எத்தனை ஆப் இருக்கிறது’ என்பதற்குக் கொடுக்க வேண்டாம்.

பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பெட்டிகள் விலையில் ஆசை காட்டும். அவற்றில் இரண்டு குறை. கட்டண ஓடிடிகள் எச்டி தரத்தில் படம் தர, வைட்வைன் என்ற பாதுகாப்பு முறையின் எல்1 நிலையைப் பெரும்பாலும் எதிர்பார்க்கின்றன. சான்று இல்லாத பெட்டியில் 4கே திரைக்கும் டிவிடித் தரத்துப் படம்தான் வரும். அதைவிட மோசம், விற்பனைக்கு வரும்போதே தீம்பொருள் ஏற்றப்பட்ட பெட்டிகள் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதுபற்றிப் பொது எச்சரிக்கையே வெளியிட்டது. ‘எல்லா ஓடிடியும் இலவசம்’ என்று சொல்லி விற்கும் பெட்டியை வீட்டு வைஃபையில் இணைக்காமலிருப்பதே மேல்.

இணையச் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நெட்ஃப்ளிக்ஸ் தரும் கணக்குப்படி சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜிபி, எச்டியில் 3 ஜிபி, 4கேயில் 7 ஜிபி வரை செலவாகும். பிராட்பேண்ட் உள்ள வீட்டுக்கு இது பொருட்டில்லை. கைபேசியின் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருக்கும் வீட்டில் ஒரே படத்தில் அன்றைய டேட்டா தீர்ந்து, உச்சகட்டக் காட்சியில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட வீட்டுக்கு ஸ்டிக்கை விட ஹார்டு டிஸ்க்தான் எளிய கருவி.

ஓடிடியில் காசு கொடுத்து ‘வாங்கிய’ படமும் கைப்பொருள் ஆகாது. பார்க்கும் உரிமை மட்டுமே கிடைக்கிறது. ஹாலிவுட் நிறுவனங்கள் பல சேர்ந்து நடத்திய அல்ட்ராவயலட் என்ற சேவையே 2019 ஜூலை 31-இல் மூடப்பட்டது. பிடித்த படம் வட்டாக இருந்தால் அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாமல் வைத்திருப்பது நல்லது.

எளிமையை அளக்கும் கோல், டிவியைப் போட்டதிலிருந்து படம் தொடங்குவதற்குள் எத்தனை பொத்தான் அழுத்த வேண்டும் என்பதுதான். வீட்டில் பெரியவர்கள் தனியாக இருக்கும் பகல் நேரத்தில் அவர்களால் ஓட்ட முடியாத கருவி, எத்தனை வசதி இருந்தாலும் எளியதல்ல. டிவிக்கு ஒன்று, செட்டாப் பாக்ஸுக்கு ஒன்று, ஸ்டிக்குக்கு ஒன்று என மூன்று ரிமோட் கிடக்கும் வீட்டில் பாதிக் குழப்பம் அதனாலேயே வருகிறது. எச்டிஎம்ஐ கம்பி வழியாக ஒரு கருவியின் ரிமோட்டே மற்றதையும் இயக்கும் வசதி ஏறக்குறைய எல்லா டிவியிலும் உண்டு. எல்ஜியில் அதற்குப் பெயர் சிம்ப்ளிங்க், சாம்சங்கில் எனிநெட் பிளஸ், சோனியில் பிராவியா சிங்க். அமைப்புகளுக்குள் போய் ஒருமுறை இதை இயக்கிவிட்டால், ஸ்டிக்கை அழுத்தியதும் டிவியும் விழித்துக்கொள்ளும்.

கல்யாண கேசட்டும் கல்யாண சிடியும் இந்தக் கணக்குகளில் சேராதவை, ஏனென்றால் அவற்றை மறுபடி வாங்க முடியாது. கடையில் வாங்கிய பட வட்டு அச்சில் வார்த்தது. ஸ்டூடியோ கொடுத்த வட்டு, சாயப் படலத்தில் லேசரால் எழுதியது. சாயம் வெயிலிலும் வெக்கையிலும் மங்கும். நாடாவில் பூஞ்சை பிடிக்கும். டெக் வைத்திருந்து கேசட்டைக் கோப்பாக மாற்றித் தரும் ஸ்டூடியோக்கள் இன்னும் சில ஊர்களில் இருக்கின்றன. புது டெக் உற்பத்தி இல்லாததால் அவையும் குறைந்துகொண்டுதான் போகும். மாற்றிய கோப்பை இரண்டு தனித்தனி டிஸ்குகளில், முடிந்தால் இரண்டு வீடுகளில் வைக்க வேண்டும்.

ஆக, பிராட்பேண்ட் உள்ள நடுத்தர வீட்டுக்குப் பெயர் பெற்ற நிறுவனத்தின் சான்றுள்ள ஸ்டிக் ஒன்றும், சொந்தப் படங்களுக்கு ஹார்டு டிஸ்க் ஒன்றும் போதும். வட்டு இருந்தால் மட்டும் டிவிடி பிளேயர். எதை வாங்கினாலும் கடைக்குப் போகும்போது பென் டிரைவில் மூன்று கோப்பு எடுத்துப்போவது நல்லது: தமிழ் வசனவரியோடு ஒரு படம், எச்.265-இல் ஒன்று, வீட்டுக் கல்யாணப் படத்திலிருந்து ஒரு துண்டு. ஓட்டிக் காட்ட மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம்.