கேஸ் கீசர் மக்கர் செய்தால்...



மளிகை வியாபாரி வீட்டில் பொழுது விடிவது மற்றவர் வீட்டைவிட இரண்டு மணி நேரம் முன்னதாகத்தான். சரக்கு லாரி வந்து நிற்பதற்குள் குளித்து முடித்துக் கடைச் சாவியை எடுக்க வேண்டும். இந்த அவசரத்துக்கு ஏற்றது என்று நம்மில் பலர் வீட்டில் கேஸ் கீசர் மாட்டியிருக்கிறோம். குழாயைத் திறந்ததும் வெந்நீர் வருகிறது. கரண்ட் இல்லாவிட்டாலும் கவலை இல்லை. ஆனால் நமக்கு எந்த நாள் அவசரமோ, அந்த நாளில்தான் அது மக்கர் செய்யும்.

அப்போது எதை நாமே பார்க்கலாம், எதைத் தொடவே கூடாது என்பதை வீட்டில் உள்ள அனைவரும் தெரிந்து வைத்திருப்பது நல்லது. இது மெக்கானிக் கூலியை மிச்சப்படுத்தும் விஷயம் மட்டுமல்ல. உயிரைக் காக்கும் விஷயமும்கூட.

வேலை செய்யும் விதம்

குழாயைத் திறந்ததும் தண்ணீர் ஓடும் அழுத்தத்தில் உள்ளே இருக்கும் ஒரு ரப்பர் தகடு நகர்கிறது. அது ஒரு சிறு ஊசியைத் தள்ளுகிறது. அந்த ஊசி ஒரு ஸ்விட்சைத் தட்டி, கேஸ் வழியையும் திறக்கிறது. பேட்டரி செல்லிலிருந்து 'டிக் டிக்' என்று பொறி வந்து பர்னர் பற்றிக்கொள்கிறது. செம்புக் குழாயில் ஓடும் தண்ணீர் சூடாகி வெளியே வருகிறது. ஆக, தண்ணீர், செல், கேஸ் ஆகிய மூன்றும் ஒழுங்காக இருந்தால்தான் வெந்நீர். பழுது வந்தாலும் இந்த மூன்றையும் இதே வரிசையில் பார்த்துக்கொண்டு போக வேண்டும்.

'டிக் டிக்' சத்தமே இல்லையா?

முதலில் தண்ணீர் வேகத்தைப் பாருங்கள். மேல்தொட்டியில் தண்ணீர் குறைந்திருந்தாலோ, தொட்டி அதிக உயரத்தில் இல்லாவிட்டாலோ ரப்பர் தகடு நகராது. தண்ணீர் உள்ளே போகும் இடத்தில் ஒரு சிறு வடிகட்டி வலை இருக்கும். அதில் மணலும் துருவும் அடைத்திருக்கலாம். தண்ணீர் வரும் வால்வை மூடிவிட்டு, வலையைக் கழற்றிப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிப் போடலாம்.

தண்ணீர் சரியாக இருந்தால் அடுத்தது செல். பெரும்பாலான கீசர்களில் டார்ச் லைட்டுக்குப் போடும் பெரிய செல் இரண்டு இருக்கும். குளியலறை ஈரத்தில் செல் கசிந்து, தகடுகளில் பச்சை பூத்திருக்கும். அதைச் சுரண்டித் துடைத்துவிட்டு இரண்டு செல்லையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழையது ஒன்று, புதியது ஒன்று என்று போடுவது வீண். செல் விற்பவர்கள் நாம்தான். கீசருக்கு என்று கேட்டு வரும் வாடிக்கையாளருக்கு ஒரே வகையில் இரண்டு புதிய செல்லாகத் தேதி பார்த்துக் கொடுங்கள்.

பொறி வந்தும் பற்றவில்லையா?

சிலிண்டர் தீர்ந்திருக்கலாம், ரெகுலேட்டர் மூடியிருக்கலாம், ட்யூப் மடங்கியிருக்கலாம். சிலிண்டர் மாற்றியவுடன் குழாயில் காற்று நிற்பதாலும் முதல் ஒன்றிரண்டு முறை பற்றாது. அதற்காக விடாமல் திறந்து திறந்து மூடக் கூடாது. எரியாத கேஸ் சேர்ந்து, பிறகு 'டப்' என்று பற்றும். சில நிமிடம் காற்றாட விட்டுப் பிறகு முயலுங்கள். வழக்கமாகவே 'டப்' என்று பற்றினால் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்.

எரிந்து கொண்டிருக்கும்போதே அணைகிறதா?

சில வகைகளில் 20 நிமிடத்தில் தானே அணையும் அமைப்பு இருக்கிறது. அது பழுதல்ல, பாதுகாப்பு. அதைத் துண்டிக்கச் சொல்லாதீர்கள். வீட்டில் இன்னொருவர் வேறு குழாயைத் திறந்தால் அழுத்தம் குறைந்தும் அணையும்.

வெந்நீரின் சூடு குறைந்து, தண்ணீரும் மெதுவாக வருகிறதா? போர் தண்ணீரின் உப்பு செம்புக் குழாய்க்குள் படிந்திருக்கிறது என்று பொருள். மெக்கானிக்கைக் கொண்டு சுத்தம் செய்ய வேண்டும்.

நம் கை படக் கூடாதவை

கேஸ் வால்வு, பர்னர், உள்ளே இருக்கும் ஊசி ஆகியவற்றில் நம் ஸ்குரூடிரைவர் படக் கூடாது. குழாயை மூடிய பிறகும் தீ எரிந்துகொண்டிருந்தால் ஊசி சிக்கியிருக்கிறது. உடனே ரெகுலேட்டரை மூடிவிட்டு, பழுது பார்க்கும் வரை அந்தக் கீசரை உபயோகிக்கக் கூடாது.

கேஸ் வாடை அடித்தால் எந்த ஸ்விட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் இதே விதிதான். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறங்கள். இந்த கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அவசர உதவிக்கு 1906 என்ற எண் உள்ளது. கசிவைச் சோதிக்கத் தீக்குச்சி கிழிக்கவே கூடாது. சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக் கொடுக்கும்.

வாடையில்லாத எமன்

கேஸ் கசிந்தால் வாடை எச்சரிக்கும். ஆனால் காற்றில்லாத அறையில் கேஸ் அரைகுறையாக எரியும்போது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. அது ரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி, கை கால் தளர்ச்சி என்று தொடங்கி, கதவைத் திறக்கவும் வலுவில்லாமல் ஆள் சாய்ந்துவிடுவார்.

நாம் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள். இதையும் கணக்காகவே பார்ப்போம். நிமிடத்துக்கு 6 லிட்டர் தரும் கீசர் முழு வேகத்தில் எரிந்தால் மணிக்கு 1 கிலோ அளவுக்குக் கேஸ் செலவாகும். 1 கிலோ கேஸ் முழுமையாக எரிய சுமார் 12 கன மீட்டர் காற்று தேவை. 6 அடி நீளம், 5 அடி அகலம், 8 அடி உயரமுள்ள குளியலறையில் மொத்தக் காற்றே 7 கன மீட்டர்தான். 10 நிமிடத்தில் அதில் கால் பங்குக்கு மேல் தீர்ந்துவிடும். இருப்பு குறையக் குறைய விஷ வாயு கூடும். மார்கழிக் குளிருக்குப் பயந்து ஜன்னலையும் அடைத்துவிட்டால் புதிய வரவுக்கு வழி ஏது?

நீல நிறத் தீ நல்ல தீ. மஞ்சளாக எரிந்தாலும், கரி படிந்தாலும் அது எச்சரிக்கை. குளித்து வந்தவர் தலைவலி என்று சொன்னால் தைலம் தேய்த்துவிட்டு மறந்துவிடாதீர்கள். கீசரைச் சோதியுங்கள். யாராவது மயங்கி விழுந்தால் கதவைத் திறந்து உடனே வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்து, கேஸை மூடி, 108-ஐ அழையுங்கள்.

எனவே என் யோசனை இதுதான். கீசரைக் குளியலறைக்கு வெளியே, காற்றாடும் இடத்தில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாய் மூலம் உள்ளே கொண்டு வாருங்கள். ஏற்கெனவே உள்ளே மாட்டியிருந்தால், மாற்றும் வரை, கதவையும் ஜன்னலையும் திறந்து வைத்து வாளியில் வெந்நீர் பிடித்து, கீசரை அணைத்து, அறை நன்றாகக் காற்றாடிய பிறகு கதவைச் சாத்திக் குளியுங்கள். எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் போதாது. வெளிக்காற்று உள்ளே வர வழி வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள கீசரையே வாங்குங்கள். ஒரே ரெகுலேட்டரில் அடுப்பையும் கீசரையும் இணைக்காதீர்கள். சுரக்ஷா ட்யூபில் அச்சிட்ட காலம் முடிந்ததும் மாற்றுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, குளிர் தொடங்கும் முன் சர்வீஸ் செய்யுங்கள்.

கடையில் எடைக்கல்லுக்கு முத்திரை போடத் தவறுவோமா? வீட்டில் உள்ள கீசருக்கும் அதே ஒழுங்கு வேண்டும். எரியாத கீசரால் ஒரு நாள் வெந்நீர்தான் போகும். அடைத்த அறையில் எரியும் கீசரால் போவது திரும்பி வராது. கடைக்குக் கிளம்பும் முன் உங்கள் கீசர் எங்கே மாட்டியிருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.