ஓணானும் நோய்த் தடுப்பியலும்

குற்றாலத்துச் சாரல் ஓய்ந்து வெயில் தலைகாட்டினால், தென்காசித் தோட்ட வேலிகளில் ஓணான்கள் தலையசைத்து நிற்கும். சிறுவர் கல்லெடுக்கும் வேளையும் அதுவே! கல்லடிபடும் அவ்வெளிய உயிரைக் கொண்டு மதுரையில் நோய்த் தடுப்பியல் வளர்ந்த வரலாற்றை மாணவர் அறிதல் நலம்.

மார்புக்கூட்டில் அமைந்த தைமஸ் சுரப்பி பயனற்றது என்றே நெடுங்காலம் எண்ணினர். அது நோயை எதிர்க்கும் நிணவணுக்களின் பயிற்சிக்களம் என்பதை 1961-இல் ஜாக் மில்லர் சுண்டெலிகளிடம் மெய்ப்பித்தார். குளிர்க்குருதி உயிர்களிடத்தும் இவ்வமைப்பு உண்டா? பேராசிரியர் வி.ஆர். முத்துக்கருப்பனும் ஆர்.எம். பிச்சப்பனும் இவ்வினாவுக்கு விடைகாண ஓணானைத் தேர்ந்தனர். அதன் மண்ணீரலில் தைமஸைச் சார்ந்த பகுதிகள் உள்ளன என்பதை 1977-இல் வெளியிட்டனர். விலைமிக்க ஆய்வு விலங்குகளை அயல்நாட்டிலிருந்து வரவழைக்காமல், வேலியோரத்து உயிரையே நாடிய அவர்தம் துணிவு போற்றத்தக்கது.

பின்னர்ப் பிச்சப்பனாரின் கவனம் மனிதர்பால் திரும்பியது. ஒரே கூரையின்கீழ் ஒரே கிருமியை மூச்சில் வாங்கிய இருவருள் ஒருவர் காசநோயால் மெலிகிறார். மற்றவர் நலமாக இருக்கிறார். காசநோய்க் கிருமி புகுந்தோருள் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரே வாழ்நாளில் நோயுறுகின்றனர். ஏன் இவ்வேறுபாடு? நம் அணுக்களின் மேற்பரப்பில் எச்.எல்.ஏ. என்னும் புரதங்கள் உள்ளன. கிருமியின் துணுக்குகளை ஏந்தி நிணவணுக்களுக்குக் காட்டுவது இவற்றின் பணி. இவை ஆளுக்கு ஆள் வேறுபடும். அவற்றுள் டி.ஆர்.2 என்னும் வகை தென்னிந்திய நுரையீரல் காசநோயாளரிடம் மிகுதியாகக் காணப்படுவதை அவர்தம் குழு 1991-இல் எடுத்துரைத்தது. அவ்வகையுடையார் அனைவரும் நோயுறுவர் என்பது இதன் பொருளன்று. வறுமையும் ஊட்டக்குறைவும் நெரிசலும் தத்தம் பங்கை ஆற்றவே செய்கின்றன. நோயாளியின் குடும்பத்தில் பெண் கொள்ளவும் கொடுக்கவும் தயங்குவோர் இதனை நினைவிற் கொள்க.

இவ்வாய்வில் ஓர் இடர்ப்பாடு உண்டு. எச்.எல்.ஏ. வகைகள் மணவுறவு வட்டத்திற்கேற்பவும் மாறுபடும். ஆதலின் நோயாளரையும் நலமுடையோரையும் ஒரே சமூகத்திற்குள் ஒப்பிட்டால்தான் முடிவு பிழைபடாது. அத்தேவையே சமூகங்களின் தோற்றத்தை ஆராயும் துறைக்கும் வழிவிட்டது. 2005-இல் தொடங்கிய ஜெனோகிராஃபிக் திட்டத்தின் இந்தியப் பணிக்குப் பிச்சப்பனார் தலைமை ஏற்றார். தமிழகத்தின் 31 சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆடவரின் 'ஒய்' குரோமோசோம்களை ஆய்ந்த கட்டுரை 2012-இல் வெளிவந்தது. பழங்குடியினரும் ஏனையோரும் பெருமளவு பொதுவான மரபுடையோர் என்றும், அவர்தம் பிரிவுகள் 4,000 முதல் 6,000 ஆண்டுகளுக்கு முன்பே, வேளாண்மைப் பரவலை ஒட்டி, உருவாயின என்றும் அது கூறுகிறது.