தோணி செல்லும் ஆழம்

தூத்துக்குடித் துறைமுகம் 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்படுவதற்கு முந்திய காலத்தில், பெரிய கப்பல்கள் கரையை அணுக மாட்டாமல் சில மைல் தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்க, தோணிகளே சரக்கை ஏற்றியும் இறக்கியும் வந்தன என்பது அவ்வூர் முதியோர் அறிந்த சங்கதி. கரையோரக் கடலில் ஆழம் குறைவு. கப்பலின் அடிவயிறோ நீருக்குள் வெகுவாக அமிழ்ந்திருப்பது. ஆழமற்ற துறைக்கென்று கட்டிய தோணி ஆழமான துறைக்குள்ளும் தாராளமாய்ப் போகும். ஆழமான துறைக்கென்று கட்டிய கப்பல் மற்றதற்குள் போகாது. பழைய இயங்குதளங்களிலும் ஓடும்படி கட்டற்ற மென்பொருளை மூலநிரலிலிருந்து கட்டுவது எங்ஙனம் என்ற சாஸ்திரத்தின் பெரும்பகுதி இவ்வளவே. எஞ்சிய சிறுபகுதிதான் மனிதனை இரவெல்லாம் விழித்திருக்கச் செய்வது.

தூத்துக்குடிக்கு வடபுறம் உப்பளங்களை அண்டியிருக்கும் மாப்பிள்ளையூரணியில் என் தமக்கை வீட்டில் ஒரு மடிக்கணினி உண்டு. தமிழ்நாட்டு அரசு 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது அவள் மூத்த மகளுக்குக் கிடைத்தது. அத்திட்டத்தின் கணினிகள் விண்டோஸ் 7-ஐயும், சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை ஆதாரமாகக் கொண்டு சமைத்த பாஸ் லினக்ஸையும் ஒருங்கே தாங்கி வந்தன. பிற்காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் இந்தக் கணினியில் பாஸின் தாய்த்தளமான டெபியனின் 7-ஆம் பதிப்பை நிறுவியிருந்தார். பெண் மணமாகிப் போய்விட்டாள், கணினி இருக்கிறது, விசைப்பலகையில் இரண்டு விசைகள் இல்லை என்பதைத் தவிர அதற்கு ஒரு குறையுமில்லை.

கல்லூரியில் படிக்கும் இளைய மகன், அங்குள்ள உபுண்டு 22.04 கணினியில் ‘வணக்கம்’ என்று மட்டும் சொல்லும் ஒருவரிச் சி நிரலை எழுதி, கம்பைல் செய்து, பென்டிரைவில் வீட்டுக்குக் கொண்டுவந்தான். பழைய கணினி அதைத் தொடக்கூட மறுத்து, ஜிலிப்சி 2.34 என்னும் பதிப்பு காணப்படவில்லை என்று விடையிறுத்தது. “ஒரே வரிதானே மாமா, இதுக்குமா 2.34 வேணும்?” என்று அவன் கேட்டான். கேள்வி நியாயமானது, விடைதான் சற்று நீளமானது.

எந்த நிரலும் தன் காரியத்தைத் தானே முற்றிலும் செய்துகொள்வதில்லை. திரையில் எழுத, கோப்பைத் திறக்க, நினைவகத்தில் இடம் பெற, இவை அனைத்திற்கும் அது லினக்ஸ் தளத்தில் பெரும்பாலும் ஜிலிப்சி என்ற பொது நூலகத்தையே அண்டி நிற்கிறது. அந்நூலகத்தார் பழைய நிரல்களைக் கைவிடலாகாது என்ற விரதமுடையவர்கள். ஆகவே ஒரு செயற்கூற்றின் நடத்தையை மாற்ற நேர்ந்தால் பழையதையும் வைத்துக்கொண்டு, புதியதற்குப் பதிப்பெண் பொறித்த வேறொரு சீட்டைக் கட்டுகிறார்கள். இதற்கு ரசமான உதாரணம் மெம்காப்பி. நினைவகத்தின் ஓரிடத்திலுள்ளதை மற்றோரிடத்திற்கு நகலெடுக்கும் இக்கூறு 2010-இல் வேகத்தின் பொருட்டுத் திருத்தப்பட்டபோது, ஃபெடோரா 14 என்ற லினக்ஸ் தளத்தில் ஃபிளாஷ் பிளேயரின் ஓசை சிதைந்தது. ஒன்றன்மேலொன்று படியும் இடங்களுக்கு மெம்காப்பியைப் பிரயோகிக்கலாகாது என்பது தொன்றுதொட்ட விதி. ஃபிளாஷ் அதை மீறியிருந்தது. விதியை மீறியவன் வருந்தட்டும் என்று ஒரு சாராரும், பாட்டுக் கேட்க உட்கார்ந்தவனுக்கு விதி எதற்கு என்று லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸும் வாதிட்டபின், 2011-இல் வந்த 2.14 பதிப்பில், பழைய நிரலுக்குப் பழைய நடத்தை, புதிதாகக் கம்பைல் செய்ததற்குப் புதிய நடத்தை என்று சமரசம் ஏற்பட்டது. என் அபிப்பிராயத்தில் டோர்வால்ட்ஸ் சொன்னதே சரி. ஆனால் சமரசத்துக்கும் ஒரு விலை உண்டு: அதன்பின் கட்டப்பட்டு மெம்காப்பியை அழைக்கும் 64 பிட் நிரல்கள் 2.14 என்ற சீட்டைக் கேட்கலாயின. 2013-இல் வெளியான டெபியன் 7-இல் இருந்ததோ 2.13.

2021-இல் வந்த 2.34-இல், நிரலைத் தொடக்கிவைக்கும் செயற்கூற்றுக்கே புதுச் சீட்டுக் கிடைத்தது. தொடங்காத நிரல் ஏது? ஆதலால் வணக்கம் சொல்வதற்கும் 2.34 வேண்டியதாயிற்று. பையன் 2.34-ஐக் கேட்கவில்லை, அவன் எந்தக் கணினியில் உட்கார்ந்து கட்டினானோ அந்தக் கணினி அவனுக்காகக் கேட்டுவிட்டது. பழைய தளங்கள் கைவிடப்படுவதில் ஒரு பகுதி, யோசித்து எடுத்த தீர்மானத்தால் அல்லாமல், இவ்விதம் ஒருவரும் தீர்மானிக்காமலே நேர்வது.

முதல் பரிகாரம் எளிது: நிரலின் மூலத்தையே பழைய கணினிக்குக் கொண்டுபோய் அங்கேயே கட்டுவது. மூலம் கையிலிருப்பதுதானே கட்டற்ற மென்பொருளின் விசேஷம். பெரிய மென்பொருள்களோடு வரும் ‘கன்ஃபிகர்’ என்ற சிறு நிரல் இங்கே பெரிதும் துணை செய்யும். 1991-இல் டேவிட் மெக்கென்சி தொடங்கிய ஆட்டோகான்ஃப் என்னும் கருவி இயற்றித் தருவது அது. “நீ எந்தத் தளம், உன் வயதென்ன?” என்று அது விசாரிப்பதில்லை, துளி நிரல்களை எழுதிக் கம்பைல் செய்து, இன்ன வசதி உண்டா இல்லையா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. 1961-உடன் நின்றுபோன நம் முத்துக்குளிப்பிலும், முன்னதாகப் பார் எனப்படும் ஒவ்வொரு சிப்பிப் படுகையிலும் மாதிரிச் சிப்பி எடுத்து அறுத்துப் பார்த்த பிறகே குளிப்பை அறிவித்தார்கள். பாரின் பெயரை நம்பிக் கடலில் இறங்கியவர் இல்லை.

ஆனால் மூலமும் காலத்தோடு வளர்கிறது. டெபியன் 7-இன் கம்பைலரான ஜிசிசி 4.7, இன்றைய சி++ வழக்குகள் பலவற்றை அறியாது. புது ஜிசிசியைக் கட்டிக்கொள்ளலாமென்றால், ஜிசிசி 15-ஐக் கட்டுவதற்கே சி++14 அறிந்த கம்பைலர் வேண்டும், ஆகவே 4.7-ஐக் கொண்டு ஜிசிசி 9, அதைக் கொண்டு 15 என்று படிப்படியாக ஏறவேண்டும். பழைய மடிக்கணினியில் ஒவ்வொரு படிக்கும் பல மணி நேரம் பிடிக்கும். அதன் விசிறி இரைவதைக் கேட்டால் இரக்கம் பிறக்கும்.

பைதான் சமூகத்தார் 2016-இல் இதற்கு உகந்த வழி கண்டனர். மெனிலினக்ஸ் என்ற அவர்கள் ஏற்பாட்டில், வேகமான புதிய கணினிக்குள் ஒரு கன்டெய்னர். அதற்குள் சென்ட்ஓஎஸ் 5 என்ற பழைய தளம், ஜிலிப்சி 2.5 உடன், அதன்மேல் கூடியவரை புதிய கம்பைலர். கன்டெய்னர் என்ற சொல்லைத் தூத்துக்குடிக்காரருக்கு நான் விளக்கப் புகுந்தால் சிரிப்பார்கள். இதுவும் அப்படியொரு பெட்டிதான், உள்ளிருப்பது சரக்கன்று, ஒரு பழைய கணினியின் சூழ்நிலை. அங்கே கட்டியது 2.5 முதல் இன்றுவரையுள்ள எல்லாத் துறைகளிலும் கரையேறும். சென்ட்ஓஎஸ் 5 ஓய்வுபெற்ற பின் 6, பிறகு 7 என்று அந்த அடித்தளமும் மெல்ல உயர்ந்தது.

உயராமல் இருக்கவும் இயலாது. பழைய தளமொன்றை ஆதரிப்பது என்றால் அதில் சோதிக்கவும் வேண்டும். சோதிப்போர் பெரும்பாலும் ஊதியமற்ற தொண்டர்கள். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியில் ஆதரவை நிறுத்திற்று; பைதானும் தன் 3.8-ஆம் பதிப்போடு அத்தளத்தை விட்டு விலகிக்கொண்டது, டெபியனும் 2025-இல் 13-ஆம் பதிப்போடு இன்டெல் வகை 32 பிட் கணினிகளில் புதிதாக நிறுவும் வசதியை நிறுத்திவிட்டது. அறிவித்து விலகுவோரை நான் குறைகூறேன். பாதுகாப்புத் திருத்தம் வராத தளத்தில் வங்கிக் கணக்கைத் திறப்பவரை யாரும் காப்பாற்ற முடியாது என்பதையும் தமக்கையிடம் சொல்லிவைத்தேன்.

பையனுடைய ஒருவரி நிரலுக்கு இத்தனை படாடோபம் தேவைப்படவில்லை. மூலக்கோப்பைப் பழைய கணினியில் இட்டுக் கம்பைல் செய்தான், நொடியில் முடிந்தது. திரையில் ‘வணக்கம்’ வந்தது. ஈற்றிலுள்ள மகர மெய்யின் புள்ளி மட்டும் எழுத்தின் தலையில் ஏறாமல் பக்கத்தில் ஒதுங்கி நின்றது. அந்தப் பழைய டெர்மினலுக்குத் தமிழ் அவ்வளவுதான் தெரியும்.